ஐந்தாம் நாள் தட்டுகள்

2016 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை காலை. மும்பையில் தேவ்நார் குப்பைமேட்டை ஒட்டிய சிவாஜி நகரில், ஒரு பால்வாடி அறையில், முப்பது நாற்பது பேர் முன்னால் நின்று நான் பேசினேன். புகை கண்ணை எரிக்கும், தொண்டையைக் கமறவைக்கும், ஆனால் காற்றில் கிருமி குறைந்துதான் இருக்கிறது, அதற்காகப் பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். சொன்னபோது நம்பித்தான் சொன்னேன். மூன்று நாள் கழித்து, புதன்கிழமை, நான் சொன்னது தவறு என்று என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது வருஷத்துக்கு மேல் சொல்லாமல் இருந்தேன். அதைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் நுண்ணுயிரியல் படித்து, ஒரு கல்லூரியில் அதையே சொல்லிக்கொடுத்தவள். பிறந்து வளர்ந்தது தாராவி. கல்யாணத்துக்குப் பிறகு செம்பூர். வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கிழக்கே தேவ்நார் மேடு தெரியும். 1927 முதல் இந்த நகரத்தின் குப்பை அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஏறக்குறைய முந்நூறு ஏக்கர். சில இடங்களில் உயரம் நூறு அடியைத் தாண்டும். பருந்துகள் வட்டமிடும் இடத்தை வைத்தே இன்றைக்கு லாரி எந்தப் பக்கம் கொட்டுகிறது என்று சொல்லிவிடலாம்.

அங்கே தீப்பிடிப்பது புதிதல்ல. மக்கும் குப்பை மேடாகக் குவிந்தால் உள்ளே மீத்தேன் சேரும். ஒரு பொறி போதும். மேலே தண்ணீர் அடித்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஆனால் அந்த ஜனவரி 27ஆம் தேதி பிடித்த தீ வேறு மாதிரி. மறுநாள் காலை கிழக்குப் புறநகர் முழுக்க மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில் இருந்தது. நாசாவின் செயற்கைக்கோள் படத்தில் அந்தப் புகை ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட மாநகராட்சிப் பள்ளிகளை மூடினார்கள். துவைத்துக் காயப்போட்ட துணியை எடுத்தால் எரிந்த பிளாஸ்டிக் வாடை.

அதற்கு முந்தைய டிசம்பரில் என் மாணவிகள் ஒரு சின்ன வேலை செய்திருந்தார்கள். சிவாஜி நகரில் ஒரு வீட்டு மாடியில் ஆறு பெட்ரி தட்டுகளை அரை மணி நேரம் திறந்து வைப்பது, பிறகு மூடி எடுத்துவந்து 37 டிகிரியில் இன்குபேட்டரில் வைப்பது, மறுநாள் எத்தனை காலனி முளைத்திருக்கிறது என்று எண்ணுவது. செட்டில் பிளேட் என்போம். காற்றில் மிதக்கிற கிருமி தானாக விழுந்தால் தட்டில் இருக்கிற அகார் என்ற கூழ் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிருமி பல்கிப் பெருகினால் கண்ணுக்குத் தெரிகிற ஒரு புள்ளி. அவ்வளவுதான் தத்துவம். டிசம்பரில் அந்தத் தட்டுகள் நெருக்கமாக, கொப்புளம் போட்டதுபோல இருந்தன. குப்பைமேட்டுப் பக்கம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று குறித்துக்கொண்டோம்.

புகை வந்ததும் எனக்கு ஒரு வேகம் வந்தது. முந்தைய கணக்கு கையில் இருக்கிறது, அதே மாடி, அதே முறை. இப்போது வைத்தால் ஒப்பிடலாம். 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஈரத் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு, நான் மட்டும் போய் ஆறு தட்டுகளைத் திறந்து வைத்தேன். நியூட்ரியன்ட் அகார்தான் இருந்தது. பூஞ்சைக்கான சாபரோ அகார் தீர்ந்துபோயிருந்தது. காய்ச்சி ஊற்ற நேரமில்லை என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம், இருபத்துநாலு மணி நேரம் முடிந்ததும், தட்டுகளை வெளியே எடுத்தேன்.

அகார் மேல் மெல்லிய கரித்தூள் படிந்திருந்தது. காலனிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். இரண்டு தட்டுகளில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. தேன்நிற அகார் வெளிச்சத்தில் பளபளத்தது.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நான் படித்திருந்த ஒரு பழைய கதை. இங்கிலாந்தில் போர்ட்டன் டவுன் என்ற இடத்தில், 1960களின் கடைசியில், ட்ரூவெட், மே என்ற இரண்டு பேர் காற்றில் கிருமி எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்று பார்த்தார்கள். காற்றில் பறக்கவிட்ட கிருமியைத் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால் சிலந்தியின் நூலை ஒரு சட்டத்தில் சுற்றி, அதில் ஈ.கோலை கிருமியைப் படியவைத்து, இரவுக் காற்றில் வைத்தார்கள். மூடிய பாத்திரத்துக்குள் இருந்த காற்றில் நெடுநேரம் பிழைத்த கிருமி, திறந்தவெளியில் வெகு சீக்கிரம் செத்தது. வெயில் இல்லை, வெப்பமும் ஈரமும் ஒன்றுதான். அப்படியானால் காற்றிலேயே ஏதோ கொல்கிறது. அதற்கு 'திறந்தவெளிக் காரணி' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். வாகனப் புகையிலும் பெட்ரோல் ஆவியிலும் இருக்கிற ஒருவகை ஹைட்ரோகார்பன், ஓசோனோடு வினைபுரிந்து உண்டாக்கும் நிலையற்ற பொருள்தான் அது என்பது அவர்களுடைய கணிப்பு. காற்று மாசு கிருமியைக் கொல்லும். படித்த நாள் முதல் எனக்குப் பிடித்துப்போன செய்தி அது. என் தட்டுகள் அதையே தேவ்நாரில் நிரூபித்துவிட்டதாக நினைத்தேன்.

அந்த ஆய்வின் பின்பாதியும் எனக்குத் தெரியும். எல்லாக் கிருமியும் அப்படிச் சாவதில்லை. உறைவித்தாக மாறி உட்கார்ந்திருக்கிற பாசில்லஸ் போன்றவற்றை அது அசைப்பதில்லை. பெரிய துளிக்குள்ளும் துகளுக்குள்ளும் இருக்கிற கிருமிக்கு அதுவே கவசம். காற்றடிக்கும் திசை மாறினால் விளைவும் மாறும். இதெல்லாம் தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை காலை நான் முன்பாதியை மட்டும் பேசினேன்.

பேசி முடித்ததும் ஒரு அக்கா எழுந்தார். குப்பைமேட்டில் பிளாஸ்டிக் பொறுக்கிப் பிரித்துக் கொடுக்கிற வேலை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய அம்மா ஜனதா காலனியில் இருந்தவர். 1976இல், அவசரநிலைக் காலத்தில், அணுசக்தி மையத்துக்காக அந்தக் காலனியை இடித்து எழுபதாயிரம் பேரைச் சீத்தா கேம்புக்கு ஏற்றினார்களே, அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தையோடு வந்தவர். அந்தக் கைக்குழந்தைதான் இந்த அக்கா. பக்கத்தில் ஆறு வயதுப் பேரன். மூச்சு விடும்போது அவன் கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"டீச்சர், சாம்பிராணி போட்டா கிருமி செத்துரும்னு எங்க ஆச்சி சொல்லும். பிள்ளைய குளிப்பாட்டி அந்தப் புகையிலதான் காட்டும். இதுவும் அந்த மாதிரிதானா?"

"கிருமியைப் பொறுத்தவரைக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் அக்கா" என்றேன்.

"இவனுக்குச் சளி கட்டிக்கிட்டே கிடக்கு. ஊருக்கு அனுப்பிரலாம்னு டிக்கெட் எடுத்து வச்சிருக்கேன்."

"புகை ரெண்டு நாள்ல அடங்கிடும். ஜன்னலைச் சாத்தி வையுங்க. பள்ளிக்கூடத்தை விட்டுட்டு அனுப்ப வேண்டாம்."

இந்தக் கடைசி வாக்கியம் தட்டிலிருந்து வந்ததல்ல. எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்ததல்ல. படிப்பு கெடக்கூடாது என்கிற டீச்சர் புத்தியிலிருந்து வந்தது. ஆனால் அந்த அக்காவுக்கு இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வந்தன. எது ஆய்வு, எது என் அபிப்பிராயம் என்று அவர் எப்படிப் பிரிப்பார்? பிரித்துச் சொல்ல வேண்டியவள் நான்.

புதன்கிழமை, பிப்ரவரி 3. எண்ணி முடித்த தட்டுகளை உடனே ஆட்டோகிளேவில் போட்டு அழிக்க வேண்டும். அந்த வாரம் ஆய்வகப் பையன் வரவில்லை. ஆறு தட்டுகளும் பாலித்தீன் பையில் மேசைக்கு அடியிலேயே கிடந்தன. ஜனவரி மாதத்து மும்பை அறைச்சூடு, இருபத்தைந்து இருபத்தாறு டிகிரி இருக்கும். பையைத் தூக்கினேன். உள்ளே பச்சையாக இருந்தது.

ஒரு தட்டை வெளியே எடுத்தேன். சனிக்கிழமை வெறுமையாகப் பளபளத்த அதே தட்டு. அடியில் என் கையெழுத்தில் தேதியும் 'மா-3' என்ற குறியும். விளிம்பு முதல் விளிம்பு வரை சாம்பல் கலந்த பச்சை, வெல்வெட் துணியை வெட்டி ஒட்டியதுபோல. மூடியின் உள்பக்கம் வேர்த்திருந்தது. லேசாகத் தட்டியதும் பச்சைத் தூள் எழும்பியது. அஸ்பர்ஜில்லஸ். பூஞ்சை படராத ஓர் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு வெண்புள்ளிகள். வெறுங்கண்ணுக்கு எண்ணிக்கை பிடிபடவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பாக்டீரியாதான். அடிபட்ட பாக்டீரியா அப்படித்தான் வளரும். முதல் நாள் அசையாது. தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள நேரம் எடுக்கும், பிறகு மெதுவாகப் பிரியும். ஆறு தட்டும் அதே கதி. சில கரித்துணுக்குகளைச் சுற்றியே பூஞ்சை வட்டம் போட்டிருந்தது. எரிந்த குப்பையின் சாம்பல் துண்டு அந்த வித்தைச் சுமந்துகொண்டு வந்து என் தட்டில் இறக்கியிருக்கிறது.

சனிக்கிழமை நான் எண்ணியது எதை என்று அப்போதுதான் புரிந்தது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் விழித்துக்கொள்ளக்கூடிய கிருமியை மட்டும் எண்ணியிருக்கிறேன். புகையில் அவை குறைவு, உண்மைதான். மற்றதெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தது.

நான் செய்தது இதுதான். தட்டுகளை மறுபடி பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, ஆட்டோகிளேவில் வைத்தேன். 121 டிகிரி, பதினைந்து பவுண்டு அழுத்தம், பதினைந்து நிமிஷம். விசில் அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். படம் எடுக்கவில்லை. குறிப்பேட்டில் சனிக்கிழமைக் கணக்கோடு பக்கத்தை முடித்தேன். சாட்சி இல்லாமல் செய்தேன்.

ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமையே கல்லூரி ஆண்டுமலருக்குக் கட்டுரை கொடுத்திருந்தேன், 'புகையும் கிருமியும்' என்று. துறைத்தலைவர் வகுப்பில் எல்லார் முன்னாலும் பாராட்டியிருந்தார். திரும்ப வாங்கினால் என்ன காரணம் சொல்வது? சாபரோ அகார் ஊற்றாமல் விட்டேன், பூஞ்சைக்கு ஐந்து நாள் காத்திருக்க வேண்டும் என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்ததை நானே செய்யவில்லை என்றா? வெட்கம்தான் காரணம். அதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. கட்டுரை அச்சில் வந்தது. இன்றும் அந்த மலர் நூலகத்தில் இருக்கும்.

என் தவறு எங்கெங்கே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்னொருவர் அதே குழியில் விழக்கூடாது.

முதல் தவறு தட்டிலேயே இருந்தது. திறந்த தட்டு, தானாக விழுவதை மட்டுமே பிடிக்கும். பத்து மைக்ரான் பருமனுள்ள துகள், காற்று அசையாமல் இருந்தால், நொடிக்கு மூன்று மில்லிமீட்டர் இறங்கும். அரை மணியில் ஐந்து மீட்டர். அது தட்டில் வந்து விழும். ஒரு மைக்ரான் துகளோ அதே அரை மணியில் ஆறு சென்டிமீட்டர்தான் இறங்கும், சாண் நீளம்கூட இல்லை. புகையோடு ஒட்டிப் போகிற கிருமிகள் பலவும் இந்தச் சின்ன அளவுதான். தட்டுக்கு மேலாகவே போய்விடும். நுரையீரலின் கடைசி அறை வரை போகக்கூடியதும் அதே சின்ன அளவுதான். ஆக, என் தட்டு எதைத் தவறவிட்டதோ அதைத்தான் அக்காவின் பேரன் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தான். பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி, அளவு வாரியாக ஆறு அடுக்கில் பிடிக்கிற ஆண்டர்சன் கருவி இருக்கிறது. நிமிஷத்துக்கு 28.3 லிட்டர் காற்றை இழுக்கும். எங்களிடம் இல்லை. கருவி இல்லாதது என் குற்றமல்ல. இல்லாத கருவியைக் கொண்டு அளந்தவள்போலப் பேசியது என் குற்றம்.

அடுத்தது, முளைக்காததெல்லாம் செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டது. இயற்கையில் இருக்கிற நுண்ணுயிரில் நூற்றில் ஒன்றுகூட நம் தட்டில் முளைப்பதில்லை என்பது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கந்தக டை ஆக்சைடு, ஓசோன், ஆல்டிஹைடு எல்லாம் பட்ட கிருமி உயிரோடு இருந்தும் முளைக்க மறுக்கும். அந்த நிலையில் அதற்கு வேண்டியது நல்ல இடமும் நேரமும். ஈரமும் சூடும் உணவும் நிறைந்த இடம் ஒரு குழந்தையின் மூச்சுக்குழல்.

மூன்றாவதாக, புகை கிருமியைக் காப்பாற்றவும் செய்யும். காற்றில் போகிற கிருமிக்குப் பெரிய எமன் சூரியனின் புற ஊதாக் கதிர். அடர்ந்த புகை அந்தக் கதிரை மறைத்துவிடும். கரித்துகளின் இடுக்கில் ஒட்டிக்கொண்டால் வெயிலும் படாது, காய்ந்துபோவதும் குறைவு. இதை எனக்குப் பிறகு வந்தவர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. டெக்ஸாஸில் சாரா மிம்ஸ் என்ற பள்ளி மாணவி, மெக்சிகோவின் யுகடான் பகுதியில் வயலும் காடும் எரிந்த புகை கடலைத் தாண்டித் தன் ஊருக்கு வரும் நாட்களில், காற்றில் பூஞ்சை வித்து கூடுவதைப் பிடித்தாள். தன் அப்பாவோடு சேர்ந்து 2004இல் அதை ஆய்விதழில் வெளியிட்டாள். நான் தேவ்நாரில் தட்டு வைப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே. 2018இல் லீடா கோப்ஸியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தீயும் புகையும் நுண்ணுயிரைச் சுமப்பதைத் தனித் துறையாகவே முன்வைத்து எழுதினார். அந்தப் பள்ளி மாணவியிடம் இருந்தவையும் எளிய கருவிகள்தான். என் கணக்கை நான் சந்தேகித்திருந்தால் ஆறு தட்டே எனக்கும் போதுமாக இருந்திருக்கும்.

நான்காவதாக ஒன்று. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. செத்த கிருமியும் கெடுக்கும் என்பது எனக்குப் பாடப்புத்தகத்துக்கு முன்பே வீட்டில் தெரியும்.

என் அப்பா பரேலில் பஞ்சாலைத் தொழிலாளி. 1982 ஜனவரியில் வேலைநிறுத்தம் தொடங்கும்வரை கார்டிங் பிரிவில் இருந்தார். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போய்வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். செவ்வாய், புதனில் கொஞ்சம் தேறும். அடுத்த திங்கள் மறுபடி. ஆலைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த நோய் அது, பிசினோசிஸ் என்பார்கள். பஞ்சுத்தூசியில் இருக்கிற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் செல்சுவரில் ஒரு நச்சு உண்டு, எண்டோடாக்சின். பாக்டீரியா செத்த பிறகும் அது கெடாது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் வீங்கும். அப்பாவின் நெஞ்சை அடைத்ததில் அதற்கே பெரிய பங்கு. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அவர் ஆலைக்குத் திரும்பவில்லை, ஆனால் இருமல் கடைசிவரை போகவில்லை. அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே படித்து வளர்ந்தவள் நான். தேவ்நாரில் புகை கிருமியைக் கொன்றது என்றே வைத்துக்கொண்டாலும், கொன்ற கிருமியின் உடல் அங்கேயேதானே மிதந்துகொண்டிருக்கும்! என் தட்டு செத்ததை எண்ணாது. நுரையீரல் எண்ணும்.

செத்ததையும் பார்க்க வழி இல்லாமல் இல்லை. 1873இல் கல்கத்தாவில் டக்ளஸ் கன்னிங்காம் என்ற ராணுவ மருத்துவர் காற்றில் என்ன இருக்கிறது என்று ஒரு புத்தகமே போட்டார். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டைக் காற்றுக்குக் காட்டி, ஒட்டியதையெல்லாம் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தார். உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் கண்ணில் பட்டதை எல்லாம் வரைந்தார். எங்கள் ஆய்வகத்திலும் கிளிசரினும் கண்ணாடித் துண்டும் இருந்தன.

மார்ச் 20ஆம் தேதி குப்பைமேட்டில் மறுபடி பெரிய தீ. அதற்கு அடுத்த வாரம் அக்காவின் பேரனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நிமோனியா என்றார்கள். ஒன்பது நாள் உள்ளே இருந்தான். நான் போய்ப் பார்த்தபோது ஆக்சிஜன் குழாயைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தான். வெளியே வராந்தாவில் அக்கா சொன்னார்: "அன்னைக்கே அனுப்பியிருக்கலாம் டீச்சர். நீங்க சொன்னீங்கன்னு டிக்கெட்டக் கேன்சல் பண்ணினேன்." குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "ஆமாம் அக்கா" என்றேன், கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தேன், வந்துவிட்டேன்.

ஊருக்குப் போயிருந்தால் அவனுக்கு நிமோனியா வந்திருக்காது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பலவீனமான நெஞ்சு, ஈரம் ஊறிய ஒற்றை அறை, முன்பே இருந்த இளைப்பு. ஆனால் புகை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மூச்சுக்குழலில் சளியை வெளியே தள்ளுகிற மெல்லிய மயிரிழைகளைச் சோர்வாக்கும். கிருமியை விழுங்கிக் காக்கிற செல்களைக் கரியால் நிரப்பும். காவல் படுத்துவிட்டால் பத்துக் கிருமி செய்ய வேண்டிய வேலையை ஒரு கிருமி செய்யும். 2017இல் பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜூலி மோரிசியின் குழு ஒன்றைக் காட்டியது. நிமோனியாவுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி கரித்துகளோடு பழகினால் அது கட்டுகிற படலத்தின் அமைப்பே மாறுகிறது. பென்சிலினைத் தாங்கும் திறன் மாறுகிறது. எலிகளில் மூக்கிலிருந்து நுரையீரலுக்கு இறங்குவது கூடுகிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காற்றில் கிருமி எத்தனை என்று மட்டும் நான் கேட்டிருந்தேன். புகை பட்ட கிருமி என்னவாக மாறுகிறது என்று கேட்கவே இல்லை.

அதன்பிறகும் எழுதவில்லை. 2018இல் மறுபடி தீ. எழுதவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். எழுதவில்லை.

இப்போது எழுத வைத்தது ஒரு டெண்டர். தேவ்நாரில் சேர்ந்துகிடக்கிற பழைய குப்பை, ஏறத்தாழ ஒரு கோடியே எண்பத்தைந்து லட்சம் டன்னைத் தோண்டிச் சலித்து அகற்ற, 2025 மே மாதம் மாநகராட்சி சுமார் 2,368 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கேட்டது. அந்த மேட்டில் 124 ஏக்கரைத் தாராவி மறுசீரமைப்புக்காக ஒதுக்கியிருக்கிறார்கள். நான் பிறந்த தாராவியிலிருந்து என் ஜனங்களை அங்கே குடியேற்றப் போகிறார்கள் என்றால், முதலில் அந்த மேடு கிளறப்படும். மக்கிய குவியலைப் புரட்டினால் அஸ்பர்ஜில்லஸ் வித்து மேகமாக எழும்பும் என்பது உரக்கிடங்கில் வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். தூசியை அளக்கக் கருவி வைப்பார்கள். ஆனால் 2009இல் நம் நாடு வகுத்த காற்றுத் தர விதிகளில் பன்னிரண்டு மாசுகள் இருக்கின்றன, அதில் ஒரு நுண்ணுயிர்கூட இல்லை. சட்டப்படி எண்ண வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. ஒருநாள் யாராவது ஆறு தட்டு வைத்துவிட்டு, கிருமி குறைவு, பயமில்லை என்று ஒரு கூட்டத்தில் சொல்லுவார். அதை எவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் சிவாஜி நகருக்குப் போனேன். அக்கா மேட்டு வேலையை விட்டுவிட்டார், முழங்கால் வலி. பேரனுக்கு மீசை அரும்பியிருக்கிறது. சட்டைப் பையில் நீல நிற இன்ஹேலர். அவன் வெளியே போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமைத் தட்டு, புதன்கிழமைத் தட்டு, ஆட்டோகிளேவ், எல்லாம். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"புதன்கிழமை தெரிஞ்சிச்சா?"

"ஆமா."

"டிக்கெட் சனிக்கிழமைக்குத்தான் இருந்திச்சு. வியாழக்கிழமைதான் கேன்சல் பண்ணினேன்."

பிறகு எழுந்து உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "இப்பத் தோண்டப் போறாங்களே, அதுக்கு என்ன செய்யணும், அத உள்ளபடி சொல்லுங்க" என்றார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். கேட்டவர்களிடமெல்லாம் இதைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

ஆய்வகத்தில் இருக்கிற என் மாணவிகளே, காற்றில் கிருமி எண்ணப் போனால் பூஞ்சைக்குத் தனி அகார் ஊற்றுங்கள், தட்டை ஐந்து நாள் வையுங்கள், எத்தனை நாள் வைத்தீர்கள் என்பதை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். மாநகராட்சியிடம் என் வேண்டுகோள், தோண்டும் இடத்தைச் சுற்றி தூசியோடு பூஞ்சை வித்தையும் எண்டோடாக்சினையும் அளந்து, வார வாரம் மராத்தியிலும் இந்தியிலும் உருதுவிலும் தமிழிலும் தெருவில் ஒட்டுங்கள்.

2016 ஜனவரி 31 அன்று அந்தப் பால்வாடி அறையில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அன்று நான் சொன்னது தவறு. குப்பைமேட்டுப் புகை சாம்பிராணிப் புகைபோலக் கிருமியைச் சுத்தம் செய்யாது. இளைப்பு இருக்கிற பிள்ளையை, புகை வரும் நாளில், அனுப்ப ஓர் ஊர் இருந்தால் அனுப்பிவிடுங்கள்.